மணி பிளான்ட்டுக்கு எதுக்கு லத்தீன் இலக்கணம்?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

ஒரு கேள்வி பல பேர்கிட்ட இருந்து வேற வேற வடிவத்துல வந்துட்டே இருக்கு. "நான் மொட்டை மாடியில செடி வளர்க்கிறேன். ஞாயித்துக்கிழமை பறவை பார்க்கப் போறேன். வீட்ல ஒரு மீன் தொட்டி இருக்கு. எல்லாமே மனசு சந்தோஷத்துக்காகத்தான். இதுக்கு லத்தீன் பேரை எழுத்து பிசகாம எழுதணுமா? ஒரு எழுத்து மாறினா குடியா முழுகிடும்?"

நியாயமான கேள்வி. பொழுதுபோக்குன்னு ஒண்ணைத் தேடிப் போறதே, ஆபீஸ்ல ஒருத்தர் நம்ம ஈமெயிலைத் திருத்துற மாதிரி இங்கயும் யாரும் திருத்தக் கூடாதுன்னுதான். ஆனா எதிர்ப்பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. பேர் தப்பா இருந்தா, நாம எதைப் பத்திப் பேசுறோம்னே தெரியாமப் போயிடும்.

இதை ஒரே கேள்வியா வெச்சுக்கிட்டா சண்டைதான் மிஞ்சும். நான் இதை நாலா பிரிக்கிறேன். ஒண்ணு, பேரோட எழுத்து. ரெண்டு, அந்தப் பேருக்குள்ள இருக்கிற லத்தீன் இலக்கணம். மூணு, உச்சரிப்பு. நாலு, நாம எழுதுற சொந்த வாக்கியம். நாலுக்கும் பதில் ஒண்ணு இல்லை.

எழுத்து: இங்க விட்டுக்கொடுக்க முடியாது

ஒரு நர்சரிக்குப் போய் "பிரம்மி இருக்கா?"ன்னு கேளுங்க. ஒருத்தர் வல்லாரையைக் கொடுப்பார். இன்னொரு இடத்துல நீர்ப்பிரமியைக் கொடுப்பாங்க. ரெண்டு பேருமே ஏமாத்தலை. இந்தியாவுல ரெண்டு செடிக்குமே அந்தப் பேர் புழக்கத்துல இருக்கு. ஆனா ரெண்டும் கிட்டத்து சொந்தம்கூட கிடையாது. வல்லாரை, கொத்தமல்லி குடும்பத்தைச் சேர்ந்தது. நீர்ப்பிரமி, இசப்கோல் குடும்பம். ஒண்ணுக்கு விசிறி மாதிரி வட்ட இலை. இன்னொண்ணுக்குத் தண்டுல ஜோடி ஜோடியா சின்னச் சின்னத் தடிச்ச இலை. இலையைப் பறிச்சுத் துவையல் அரைக்கிற ஊர் நம்மளோடது. எந்தச் செடின்னு தெரிஞ்சே ஆகணும்.

இங்கதான் லத்தீன் பேர் உதவிக்கு வருது. வல்லாரை, சென்டெல்லா ஏசியாட்டிகா. நீர்ப்பிரமி, பகோபா மொன்னியெரி. குழப்பம் தீர்ந்துச்சுன்னு நினைப்போம். தீரலை. ஏன்னா மொன்னியெரிங்கிற பேரோட கடைசி எழுத்து 'ஐ'. அதை 'ஏ'ல முடிச்சு மொன்னியெரான்னு எழுதுற பழக்கம் ரொம்ப பரவியிருக்கு. மாத்திரை டப்பாவுல இருக்கு, ஆராய்ச்சிக் கட்டுரைத் தலைப்புகள்லயே இருக்கு. எழுத்துக்கு எழுத்து பார்த்துத் தேடுற இடத்துல ஒரு வடிவத்தைப் போட்டா, இன்னொரு வடிவத்துல எழுதினவங்க சொன்னது எதுவும் உங்க கண்ணுக்கு வராது. இதே செடியை மீன் தொட்டிக்குள்ள வளர்க்கிறவங்களும் இருக்காங்க. ஒரே செடியைப் பத்தி மூணு கூட்டம் பேசிட்டிருக்கும், ஒரு எழுத்தால ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்குக் கேட்காது.

போன் நம்பர்ல ஒரு எண் மாறினா என்ன ஆகும்? "கிட்டத்தட்ட சரி"ன்னு யாரும் சொல்றதில்லை. வேற வீட்டுக்குப் போயிடும், இல்லை எங்கயுமே போகாது. அறிவியல் பேரும் அப்படித்தான். தமிழ் தெரிஞ்சவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். "சுவத்துல பல்லி இருக்கு"ங்கிறதுக்கும் "பள்ளி இருக்கு"ங்கிறதுக்கும் நடுவுல இருக்கிறது ஒரே ஒரு எழுத்து.

சரியான எழுத்து எதுன்னு யார் முடிவு பண்றது? செடிகளுக்கு ஒரு சர்வதேச விதித் தொகுப்பு இருக்கு, விலங்குகளுக்குத் தனியா ஒண்ணு இருக்கு. செடிப் பேர்களுக்குப் பொதுவான தொடக்கப் புள்ளி லின்னேயஸ் 1753ல வெளியிட்ட புத்தகம். விலங்குப் பேர்களுக்கு 1758ல வந்த அவரோட இன்னொரு புத்தகத்தோட பத்தாம் பதிப்பு. அடிப்படை இதுதான்: முதல்ல பேர் வெச்சவர் எப்படி எழுதினாரோ, பொதுவா அதுவே நிக்கும்.

இதோட விளைவு கொஞ்சம் வேடிக்கையானது. "வங்காளத்தைச் சேர்ந்த"ன்னு பொருள் வர்ற ஒரு சொல் பல பறவைகள் பேர்ல இருக்கு. பனங்காடையோட பேர் கொராசியாஸ் பெங்காலென்சிஸ். அதுல 'ஜி'க்குப் பின்னாடி ஒரு 'ஹெச்' உண்டு. வெண்முதுகுப் பாறு கழுகு, ஜிப்ஸ் பெங்காலென்சிஸ். அதுல 'ஹெச்' கிடையாது. ரெண்டுமே சரி. "ஒரே ஊர் பேர்தானே, ஒரே மாதிரி எழுதிடலாம்"னு நீங்களும் நானும் முடிவு பண்ண முடியாது.

இன்னும் வேடிக்கை வேணுமா? நம்ம சென்னையோட பழைய பேர் லத்தீனுக்குள்ள உட்கார்ந்திருக்கு. மதராசபட்டினத்துல இருந்து வந்த மதராஸ்படென்சிஸ்ங்கிற சொல். வெண்புருவ வாலாட்டியோட பேர்ல அது இருக்கு. மேலாநெல்லி பேர்ல இருக்கு. அதே ஊர் பேர் இன்னொரு வடிவத்துல ஒரு வெள்ளைக்கண்ணிப் பறவைக்கும் வெச்சிருக்காங்க: சோஸ்டெராப்ஸ் மதராஸ்படானஸ். 1766ல லின்னேயஸ் வெச்ச பேர். ஆனா அந்தப் பறவை இருக்கிறது மடகாஸ்கர் பக்கம்! சென்னையில தேடினா கிடைக்காது. ஊர் தப்புன்னு இப்ப எல்லாருக்கும் தெரியும். இருந்தும் பேரை மாத்தலை. ஏன்னா அந்தப் பேரோட வேலை ஊரை விளக்குறது இல்லை. எல்லாரும் ஒரே பறவையைச் சுட்டணும், அவ்வளவுதான். பொருள் தப்பா இருக்கலாம், எழுத்து மாறக் கூடாது.

இலக்கணம்: பொன்னன், பொன்னி, பொன்

அடுத்து லத்தீன் இலக்கணம். இதைக் கேட்டதும் ஓடிடாதீங்க. தமிழ் தெரிஞ்சவங்களுக்கு இது பாதி ஏற்கனவே தெரிஞ்ச விஷயம்.

உங்க வீட்ல பாட்டில்ல வளர்ற மணி பிளான்ட்டை எடுத்துப்போம். 1880ல அதுக்கு வெச்ச பேர் போதோஸ் ஆரியஸ். ஆரியஸ்னா பொன்னிறம். அப்புறம் ஆராய்ச்சியாளர்கள் "இது அந்தப் பேரினம் இல்லை"ன்னு சொல்லிச் சிண்டாப்ஸஸுக்கு மாத்தினாங்க. அப்பவும் ஆரியஸ்தான். 1960கள்ல ராஃபிடோஃபோராவுக்குப் போனப்ப, ஆரியஸ் ஆரியாவா ஆச்சு. உடனே அடுத்து எபிப்ரெம்னத்துக்கு வந்ததும் ஆரியம். இப்ப வரைக்கும் அதுதான்: எபிப்ரெம்னம் ஆரியம். கடைக்காரங்க சிலர் இன்னும் போதோஸ்னே சொல்றாங்க, அது வேற கதை.

ஏன் அந்தக் கடைசி எழுத்து மாறிக்கிட்டே இருக்கு? லத்தீன்ல ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால், பெண்பால், ரெண்டும் இல்லாத பால்னு ஒண்ணு உண்டு. பின்னாடி வர்ற உரிச்சொல் அதுக்கு ஏத்த மாதிரி முடியணும். நாம நல்லவன், நல்லவள், நல்லதுன்னு சொல்ற மாதிரி. மணி பிளான்ட் கதையைத் தமிழ்ல சொன்னா, முதல்ல அவர் பொன்னன், அப்புறம் பொன்னி, கடைசியில வெறும் பொன். இவ்வளவுதான் விஷயம்.

இதுல ஒரு பொறி இருக்கு. முடிவெழுத்தைப் பார்த்துப் பாலைக் கண்டுபிடிச்சிடலாம்னு நினைக்கக் கூடாது. புளிய மரத்தோட பேர் டாமரிண்டஸ் இண்டிகா. டாமரிண்டஸ்னு முடியுதே, அப்ப இண்டிகஸ்தானே வரணும்? வராது. லத்தீன் மரபுல மரங்களைப் பெரும்பாலும் பெண்பாலாத்தான் பேசுவாங்க. ஆலமரம், அரசமரம் ரெண்டும் ஃபைகஸ், அதுவும் பெண்பால். அதனாலதான் அரசமரம் ஃபைகஸ் ரிலிஜியோசா. அரைகுறை இலக்கணத்தோட ஒருத்தர் "நான் சரி பண்றேன்"னு இறங்கினா, சரியா இருக்கிறதையும் கெடுத்துடுவார்.

மருத்துவக் கீரையா நமக்குத் தெரிஞ்ச முசுமுசுக்கையும் இப்படி அலைஞ்ச செடிதான். லின்னேயஸ் 1753ல குக்குமிஸ் மதராஸ்படானஸ்னு வெள்ளரிக் கூட்டத்துல சேர்த்தார். அப்புறம் முகியாங்கிற பேரினத்துக்குப் போய் மதராஸ்படானா ஆச்சு. இப்ப திரும்பவும் குக்குமிஸ், திரும்பவும் மதராஸ்படானஸ். பழைய மூலிகைப் புத்தகத்துல முகியான்னு பார்த்துட்டு, புதுப் பட்டியல்ல குக்குமிஸ்னு பார்த்தா, ரெண்டும் வேற வேற செடின்னு நினைச்சுடாதீங்க. முடிவெழுத்து ஏன் மாறுதுன்னு தெரிஞ்சவங்களுக்கு, "ஓ, அதே ஆள்தான், வீடு மாறியிருக்கார்"னு உடனே புரிஞ்சுடும்.

அப்ப இலக்கணம் முக்கியமா? என் பதில்: அதை நீங்க உருவாக்க வேண்டாம், கெடுக்காம இருந்தா போதும். நிபுணர்களுக்குள்ளேயே இதுல ஒரே கருத்து இல்லை. விலங்குகளுக்கான விதி, பால் பொருந்தணும்னுதான் சொல்லுது. ஆனா பட்டாம்பூச்சி ஆராய்ச்சியாளர்கள்ல பலர், பேரினம் மாறினாலும் முதல்ல எழுதின முடிவெழுத்தையே வெச்சுக்கிறாங்க. "ஒவ்வொரு தடவையும் மாத்தினா தேடவே முடியலை"ங்கிறது அவங்க வாதம். பெரியவங்களே அடிச்சுக்கிற விஷயத்துக்காக, செடி வளர்க்க வந்த ஒரு காலேஜ் பொண்ணை நாம குத்தம் சொல்லக் கூடாது.

ஆனா ஒரு இடத்துல இலக்கணம் எனக்கு உணர்வுபூர்வமான விஷயம். மனுஷங்க பேர்ல வைக்கிற இனப் பேர்கள். லத்தீன்ல "இன்னாருடைய"ன்னு சொல்ல, பொதுவா ஆணுக்கு 'ஐ', பெண்ணுக்கு 'ஏஈ' சேர்ப்பாங்க. தேனி மாவட்ட மலையில கிடைச்ச ஒரு பழந்தின்னி வௌவாலுக்கு 1972ல சலீம் அலி பேர் வெச்சாங்க. அது 'ஐ'ல முடியும். 2019ல மேற்குத் தொடர்ச்சி மலையில இருந்து சில புதுப் பல்லி இனங்களை அறிவிச்சப்ப, ஒண்ணுக்குத் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பேர் வெச்சாங்க: டிராவிடோகெக்கோ ஜானகியே. தலைச்சேரியில பிறந்து, மெட்ராஸ்ல படிச்சு, தாவர செல் ஆராய்ச்சியில உலக அளவுல பேர் வாங்கினவங்க அவங்க. அந்த 'ஏஈ'யைக் கவனக்குறைவா 'ஐ'யா மாத்தினா, ஜானகின்னு ஒரு ஆம்பளை இருந்தார்னு ஆயிடும். கடைசி ரெண்டு எழுத்துக்குள்ள ஒரு பெண் விஞ்ஞானி இருக்காங்க. அதைச் சரியா எழுதுறது நான் அவங்களுக்குக் கொடுக்கிற மரியாதை.

உச்சரிப்பு: தயவு செய்து விட்டுடுங்க

சென்னைக்குப் பக்கத்துல ஒரு ஏரிக்கரை. பறவை பார்க்க வந்த கூட்டம், பத்துப் பன்னெண்டு பேர். புதுசா வந்த ஒரு பையன், தண்ணி ஓரமா நடந்துட்டிருந்த வாலாட்டியைக் காட்டி அதோட லத்தீன் பேரைத் தட்டுத் தடுமாறிச் சொன்னான். மூத்தவர் ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே "அது அப்படி இல்ல தம்பி"ன்னு இன்னொரு விதமா சொல்லிக் காட்டினார். நாலு பேர் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் அந்தப் பையன் அன்னைக்கு முழுக்க வாயைத் திறக்கலை. இத்தனைக்கும் அந்தக் கூட்டத்துல அந்தப் பறவையோட வெள்ளைப் புருவத்தை முதல்ல கவனிச்சவன் அவன்தான்.

அவனைத் திருத்தினதுக்கு எந்த விதியும் துணைக்கு வராது. விலங்குகளுக்கான விதித் தொகுப்பும் சரி, செடிகளுக்கானதும் சரி, ஒரு பேரை எப்படி உச்சரிக்கணும்னு சட்டம் போடலை. லத்தீனைத் தாய்மொழியாப் பேசுறவங்க யாரும் இன்னைக்கு இல்லை. இங்கிலீஷ்காரர் ஒரு மாதிரி படிப்பார், இத்தாலிக்காரர் இன்னொரு மாதிரி. ரோம் நாட்டுப் பேச்சாளரைச் சிசரோன்னு சொல்றவங்களும் உண்டு, கிகரோன்னு சொல்றவங்களும் உண்டு. அதுவும் போக, இந்தப் பேர்கள்ல பாதி அசல் லத்தீனே கிடையாது. கிரேக்கம் இருக்கு, ஆட்கள் பேர் இருக்கு, நம்ம ஊர்ச் சொல்லும் இருக்கு. மொரிங்காங்கிறது நம்ம முருங்கை. ஜஸ்டிசியா அடாதோடாவுல இருக்கிறது நம்ம ஆடாதோடை. டாமரிண்டஸ், "இந்தியப் பேரீச்சை"ங்கிற அரபுச் சொல்லுல இருந்து வந்தது. ஆடாதோடையை 'அடாதோடா'ன்னு படிக்கிற வெளிநாட்டுக்காரரைப் பார்த்து நாம சிரிக்கிறோமா? இல்லையே.

எழுத்து சரியா இருந்தா, உச்சரிப்பு எப்படி இருந்தாலும் பரவாயில்லை. கேக்குறவருக்குப் புரியலைன்னா, "எழுதிக் காட்டுங்களேன்"னு சொன்னா முடிஞ்சுது.

நம்ம வாக்கியம்: தெளிவு போதும்

கடைசியா, நாம எழுதுற குறிப்பு. தமிழா, இங்கிலீஷா, ரெண்டும் கலந்ததா, எதுவா வேணா இருக்கட்டும். சந்திப்பிழை இருக்கா, ஒருமை பன்மை சரியாங்கிறதை நான் கடைசியாத்தான் பார்ப்பேன். முதல்ல பார்க்கிறது வேற: எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை, நேர்ல பார்த்ததா கேட்டதா?

"நேத்து ஏரியில நிறைய பறவைங்க வந்துச்சு, சூப்பரா இருந்துச்சு." இதுல இலக்கணம் ஒண்ணும் கெடலை, தகவலும் ஒண்ணும் இல்லை. "ஜனவரி 14, காலை 7 மணி, மதகு பக்கம், வாலாட்டி 3, ஒண்ணு குஞ்சு மாதிரி இருந்துது, உறுதியா தெரியல." இது வாக்கியமே இல்லை. ஆனா பத்து வருஷம் கழிச்சு, அந்த ஏரி இருக்கோ இல்லையோ, இந்த வரி ஒரு சாட்சியா நிக்கும். ஒரு பகுதியில எந்தப் பறவை குறைஞ்சுது, எது கூடுச்சுன்னு சொல்றதுக்கு இன்னைக்கு ஆராய்ச்சியாளர்கள் நம்ம மாதிரி ஆட்கள் எழுதின குறிப்புகளையும் எடுத்துக்கிறாங்க. பொழுதுபோக்கா எழுதினது யாருக்கோ ஆதாரம் ஆகுது.

இங்க ஒரு எல்லைக்கோடு இருக்கு. எழுத்துப்பிழை, பொருளை மாத்துதா? அப்ப திருத்தணும். "கரை"ங்கிறதுக்குப் பதிலா "கறை"ன்னு எழுதினா ஏரிக்கரையா, துணிக்கறையான்னு இடத்தை வெச்சுப் புரிஞ்சுக்கலாம், விடுங்க. "30"ங்கிறது "300"ன்னு ஆனா விடக் கூடாது.

இவ்வளவு சொல்லிட்டு, உருப்படியா நாலு பழக்கம் சொல்லலைன்னா நல்லா இருக்காது.

முதல் பழக்கம், லத்தீன் பேரை ஞாபகத்துல இருந்து எழுதாதீங்க. நம்பகமான பட்டியல்ல இருந்து அப்படியே எடுத்து ஒட்டுங்க. இங்க காப்பி அடிக்கிறது நல்ல பழக்கம். பேரினத்தோட முதல் எழுத்து பெரிய எழுத்து, இனப் பேர் முழுக்கச் சின்ன எழுத்து. அது ஊர் பேரா இருந்தாலும், ஆள் பேரா இருந்தாலும் அப்படித்தான்.

ரெண்டாவது, தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுங்க. "பகோபா"ன்னு மட்டும் தெரிஞ்சா, பேரினத்தை எழுதிட்டுப் பின்னாடி 'எஸ்.பி.'ன்னு போடலாம். "இந்தக் கூட்டத்துல ஏதோ ஒண்ணு"ன்னு அர்த்தம். அடிச்சு விடுற முழுப் பேரைவிட நேர்மையான பாதிப் பேர் எவ்வளவோ மேல்.

மூணாவது, ஊர்ப் பேரை விடாதீங்க. உங்க பாட்டி அந்தச் செடியை என்னன்னு சொல்றாங்களோ, அதை எந்த ஊருங்கிறதோட சேர்த்து எழுதுங்க. லத்தீன் பேர் உலகம் முழுக்கப் புழங்கும். பாட்டி சொல்ற பேர் அந்தத் தாலுகாவைத் தாண்டாம இருக்கலாம். அதனாலயே அது எழுதப்படணும்.

நாலாவது, அடுத்தவரைத் திருத்துறது. முதல்ல அவர் பார்த்ததைப் பத்தி ஒரு வார்த்தை கேளுங்க: எங்க பார்த்தீங்க, என்ன பண்ணிட்டிருந்துது? அப்புறம், தனியா, "பேர்ல ஒரு எழுத்து மாறியிருக்கு, பாருங்க"ன்னு சொல்லுங்க. கூடவே சரியான பேரையும் கொடுங்க. நாலு பேர் முன்னாடி ஒரு எழுத்தைத் திருத்தி, ஒரு ஜோடிக் கண்ணை இழந்துட்டோம்னா அது நஷ்டக் கணக்கு. அந்த ஏரிக்கரையில இழந்தது அதைத்தான்.

செடிகளுக்குப் புது இனம் அறிவிக்கிறப்ப லத்தீன்ல விளக்கம் எழுதியே ஆகணும்னு ரொம்ப காலமா ஒரு விதி இருந்துச்சு. 2012 ஜனவரி 1ல இருந்து அது தளர்ந்துடுச்சு. இங்கிலீஷ்லயும் எழுதலாம். ஆனா பேர் மட்டும் இன்னும் லத்தீன் வடிவத்துலதான் இருக்கணும். எதை விடலாம், எதை விடக் கூடாதுன்னு அவங்களே ஒரு கோடு போட்டிருக்காங்க. நமக்கும் அந்தக் கோடு போதும். பேரைச் சரியா எழுதுவோம். மத்ததுல தாராளமா இருப்போம்.

இந்த வாரம் ஒரு சின்ன வேலை: உங்க வீட்ல இருக்கிற ஒரே ஒரு செடியோட முழுப் பேரைத் தேடி, ஒரு ஐஸ் குச்சியில எழுதித் தொட்டியில குத்தி வையுங்க. பின்பக்கம் உங்க வீட்ல அதைக் கூப்பிடுற பேரையும் எழுதிடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.